பட்டறையில் நின்ற ஊர்தி: ஜி. டி. நாயுடுவின் வாழ்வும் பணியும்

திருமுருகன்பூண்டி என்றதும் தமிழறிந்த நெஞ்சங்களில் இரண்டு நினைவுகள் எழும். சேரமான் பெருமாள் அளித்த பெரும்பொருளோடு இவ்வழியே வந்த சுந்தரர், வேடுவர் வடிவில் தோன்றிய பூதகணங்களிடம் அனைத்தையும் பறிகொடுத்து, முருகநாதர் திருமுன் நின்று பதிகம் பாடி, பறிபோனவற்றை மீளப் பெற்ற வரலாறு முதலாவது. பொழுது புலர்ந்தது முதல் நம் ஊர்ச் சிற்பக் கூடங்களில் எழும் உளியோசை இரண்டாவது. பாட்டும் பட்டறையும் ஓரிடத்தில் வாழும் ஊர் இது. இவ்வூரிலிருந்து வெளிவரும் பத்தாம் ஆண்டு மலரில், பாட்டெழுதாத ஒருவரின் வாழ்க்கையை எழுத முற்படுவதற்கு அதுவே காரணம்.

அவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. உலகம் அவரை ஜி. டி. நாயுடு என்று அறியும். இந்தியாவின் எடிசன் என்று போற்றும். பட்டங்கள் ஒரு மனிதரை மறைத்துவிடுவதும் உண்டு. கவிஞர்களாகிய நமக்குப் பட்டத்தைவிட அப்பட்டத்திற்குப் பின்னே நின்ற கையே முதன்மையானது. அக்கை எதைச் செய்தது, எதை இழந்தது, இழந்த பின் என்ன செய்தது என்பதையே இக்கட்டுரை சொல்ல விழைகிறது.

கோவைக்குக் கிழக்கே, சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் துரைசாமி பிறந்தார். வேளாண் குடும்பம். கரிசலும் செம்மண்ணும் கலந்த அப்பகுதியில் பருத்தியும் சோளமும் விளையும். கிணற்றில் ஆழம் மிகுதி, நீர் குறைவு. திண்ணைப் பள்ளி அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் முகத்தில் மணலை வாரி இறைத்துவிட்டு ஓடிய பிள்ளை என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஏட்டுக் கல்வி அத்துடன் ஏறத்தாழ முடிந்தது. ஆயினும் கற்கும் வேட்கை முடியவில்லை. அது கண்ணும் கையும் சென்ற வழியே சென்றது.

அந்நாளில் ஓர் ஆங்கிலேய அதிகாரி மோட்டார் சைக்கிளில் அவ்வூர்ப் பக்கம் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல், தானே முழங்கிக்கொண்டு ஓடும் வண்டியை இளைஞர் துரைசாமி முதன்முதலாகக் கண்டது அன்றுதான். கண்டவர் பலர்; வியந்தவரும் பலர். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அறியாமல் இனி உறக்கமில்லை என்று எண்ணியவர் அவர் ஒருவரே. ஊரை விட்டுக் கோவைக்குச் சென்றார். உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் பணியாளராக ஏறத்தாழ மூன்றாண்டுகள் உழைத்தார். காசு காசாகச் சேர்த்துத் தாம் கண்ட அந்த ரட்ஜ் வண்டியையே 300 ரூபாய்க்கு விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் ஊர் சுற்றப் புறப்படவில்லை. வண்டியைப் பிரித்துப் போட்டார். மரையாணிகள், சங்கிலி, பிஸ்டன், வால்வு, காந்தப் பொறி எனத் தனித்தனியே பரப்பி வைத்துவிட்டு, மீண்டும் பூட்டினார். கற்பிக்க ஆளில்லை, படிக்க நூலில்லை. தவறாகப் பூட்டினால் வண்டி ஓடாது. சரியாகப் பூட்டினால் ஓடும். அந்த ஒன்றே அவருக்குத் தேர்வும் தேர்வாளரும் ஆயிற்று. நம்மில் யாப்புக் கற்றவர்கள் இதை நன்கு உணர்வார்கள். ஒரு வெண்பாவை அசை பிரித்துப் பார்த்து, தளை எங்கே தட்டுகிறதென்று காதால் கேட்டுக் கற்ற முறையும் ஏறத்தாழ இதுவேயன்றோ?

அதன் பின்னர் அவர் வாழ்க்கை திருப்பூரைத் தொட்டது. பின்னலாடைக்குப் பெயர்பெறுவதற்கு முன்பே திருப்பூர் பருத்திச் சந்தை. கொட்டை நீக்கும் அரவை ஆலைகள் நிறைந்த ஊர். முதல் உலகப் போர்க் காலத்தில் அவர் அங்கே பருத்தித் தொழிலில் இறங்கினார். போர், பஞ்சின் விலையை உயர்த்தியது. கையில் பெருஞ்செல்வம் சேர்ந்தது. சேர்ந்ததை எடுத்துக்கொண்டு பம்பாய்ப் பருத்திச் சந்தைக்குச் சென்றார். அங்கே வாணிகம், பஞ்சைத் தொட்டுப் பார்த்து நடப்பதன்று. விலையின் ஏற்ற இறக்கத்தின் மேல் நடப்பது. கையால் தொட்டு அறிய இயலாத அந்தத் தொழிலில் அவர் அனைத்தையும் இழந்து ஊர் திரும்பினார். பறிகொடுத்தல் அவர் வாழ்வில் நிகழ்ந்தது அதுவே முதல் முறை. எனினும் அவ்விழப்பை அவர் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை. ஈட்டியது போயிற்று; ஈட்டிய கை இருந்தது.

கோவையில் ஆலைகளும் பள்ளியும் கண்ட ஆங்கிலேயத் தொழிலதிபர் சர் இராபர்ட் ஸ்டேன்ஸ், இவ்விளைஞரின் திறமையை இனங்கண்டு கடன் தந்து உதவினார். 1920ஆம் ஆண்டு நாயுடு ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். ஓட்டுநரும் அவரே; பழுது பார்ப்பவரும் அவரே. ஒரு வண்டி பல வண்டிகளாயிற்று. யுனைடெட் மோட்டார் சர்வீஸ் என்னும் பொருள்படச் சிலரும், யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் எனப் பலரும் விரித்துரைத்த யு.எம்.எஸ். நிறுவனம் 1933ஆம் ஆண்டளவில் 280 பேருந்துகளை இயக்கியது. கொங்கு நாட்டுக் கிழவர்கள் நேரம் தவறாமைக்கு யு.எம்.எஸ். வண்டியை உவமை சொன்ன காலம் ஒன்று இருந்தது.

இத்தனை வண்டிகளையும் ஓடச் செய்தது எது? இங்கேதான் நம் கட்டுரையின் உயிர்நாடி இருக்கிறது. அந்நாளில் வண்டி அயல்நாட்டினது. அதன் உறுப்புகளும் அயல்நாட்டினவே. ஒரு பல்சக்கரம் உடைந்தால் கடிதம் எழுதிக் கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். வண்டி நின்றால் வருவாய் நிற்கும். ஆகவே நாயுடுவின் பட்டறை, பழுது பார்க்கும் இடம் என்னும் நிலையைக் கடந்து, உறுப்புகளைப் படைக்கும் இடமாக வளர்ந்தது. எந்திரத்தின் அதிர்வைக் கொண்டு அதன் குறையை அறியும் கருவியைக்கூட அவர் அங்கே ஆக்கிக்கொண்டார்.

ஓர் உறுப்பைப் புதிதாகச் செய்வது எத்தகைய வேலை என்பதைச் சற்றே சொல்ல வேண்டும். முதலில் அவ்வுறுப்பின் வடிவை மரத்தில் செதுக்குவர். பவுண்டரிக்காரர்கள் இதைப் பேட்டர்ன் என்பர். அதனை ஈரமணலில் பதித்து எடுத்தால் வடிவம் குழியாக நிற்கும். அக்குழியில் உருகிய இரும்பை ஊற்றுவர். ஆறும்பொழுது இரும்பு சுருங்கும். வார்ப்பிரும்பாயின் அடிக்கு ஏறத்தாழ அரைக்கால் அங்குலம். அலுமினியமாயின் இன்னும் சற்று மிகுதி. எனவே மரத்தில் செதுக்குபவன், வரவிருக்கும் சுருக்கத்தை முன்னரே எண்ணி, வேண்டியதைவிடப் பெரிதாகச் செதுக்க வேண்டும். பின்னர் கடைசல் எந்திரத்தில் பிடித்துச் சீவ வேண்டும். உருளைக்கும் அதனுள் ஏறி இறங்கும் பிஸ்டனுக்கும் இடையே உள்ள வெளி மயிரிழையளவே. குறைந்தால் சூட்டில் விரிந்து இறுகிப் பிடித்துக்கொள்ளும். மிகுந்தால் விசை கசிந்துவிடும். பல்சக்கரத்தின் பற்களுக்கு வெளிப்புறம் கடினமும் உட்புறம் நெகிழ்வும் வேண்டும். அதற்கெனச் சூடேற்றிக் குளிர்விக்கும் பக்குவம் தனி. பக்குவம் என்னும் சொல்லை நாம் சமையலுக்கும் ஞானத்திற்கும் வழங்குகிறோம். பட்டறையில் அச்சொல் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டம் கோவைச் சமவெளிக்கு மின்னாற்றலைக் கொண்டு வந்தது. ஆலைகள் பெருகின, ஆழக் கிணறுகளிலிருந்து நீர் இறைக்க மின்மோட்டார் வேண்டியதாயிற்று. அதுவும் அயல்நாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தது. டி. பாலசுந்தரம் நாயுடுவோடு இணைந்து, பீளமேட்டில் அமைந்த நேஷனல் எலக்ட்ரிக் வொர்க்ஸ் வாயிலாக, 1937இல் நம் நாட்டிலேயே செய்யப்பட்ட மின்மோட்டாரை அவர் வெளிக்கொணர்ந்தார். இன்று கோவை மாநகர் மோட்டாருக்கும் பம்புக்கும் இந்தியா முழுவதும் பெயர்பெற்று விளங்குவதற்கு ஊன்றப்பட்ட விதைகளில் அது தலையாயது.

அவர் அயல்நாடுகள் பலவற்றுக்கும் சென்றார். செருமனியில் எந்திரத் தொழில் வளர்ந்த விதத்தை அருகிருந்து கண்டார். உலர்மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டார் பொருத்திய ராசண்ட் என்னும் முகமழிப்புக் கருவி, மிக மெல்லிய சவர அலகுகள், படப்பெட்டிக்கான தொலைவு சரிசெய்யும் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, முறைகேடு செய்யவியலாத வாக்குப் பதிவு எந்திரம் என அவர் ஆக்கியவை பல. படம்பிடிப்பதில் அவருக்குத் தீராக் காதல். 1936இல் இலண்டனில் நிகழ்ந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம்பிடித்தார். காந்தியடிகளும் நேருவும் சுபாசு சந்திர போசும் அவர் படச்சுருளில் பதிந்தனர். செருமனியில் இட்லரையும் சந்தித்தார். அந்நாட்டுத் தொழில்திறம் அவர் கண்ணை நிறைத்த அளவுக்கு அவ்வாட்சியின் கொடுமை நிறைக்கவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஒருவரின் பெருமையைப் பேசுமிடத்தில் அவர் காணத் தவறியதையும் பேசுவதே வரலாற்றுக்கு அழகு.

மாகாணத் தேர்தலில் நின்று தோற்றார். தந்தை பெரியாரோடு நட்புப் பூண்டிருந்தார். 1941இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று அறிவித்தார். 1944இல் பேருந்துத் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டு, ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகையும் தொழிலாளர்க்கு நலத்திட்டங்களும் அறிவித்தார்.

அடுத்த ஆண்டில், 1945இல், கல்விப் பணிக்கு வந்தார். திண்ணைப் பள்ளியை விட்டு ஓடியவர், ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பப் பள்ளியும் பொறியியற் கல்லூரியும் தோன்றக் காரணமானார்; தாமே முதல்வராகவும் இருந்தார். பொறியியல் கற்க நான்காண்டுகள் எதற்கு, எந்திரத்தின் முன்னே நிறுத்திக் கற்பித்தால் இரண்டாண்டுகள் போதும் என்பது அவர் கொள்கை. அரசு அதற்கு இசையவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். அக்கல்லூரியே பின்னர் இடம் மாறித் தடாகம் சாலையில் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. ஆயினும் திருப்பூரிலிருந்து கோவைக்குப் பேருந்தில் செல்வோர், பீளமேட்டுக்கு அருகே நடத்துநர் ஹோப் காலேஜ் என்று குரல் கொடுப்பதை இன்றும் கேட்கலாம். கல்லூரி போய்விட்டது, பெயர் நிறுத்தமாக நின்றுவிட்டது.

இனி, அந்த ஊர்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1952இல் இருவர் அமரத்தக்க பெட்ரோல் கார் ஒன்றை நாயுடு உருவாக்கினார். விலை 2,000 ரூபாய். அந்நாளில் கார் என்பது சமீன்தார்களும் ஆலை முதலாளிகளும் ஏறிச் செல்வது. பள்ளி ஆசிரியரோ சிறு வணிகரோ கனவிலும் எண்ணாதது. மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டிய நாள் முதல், முப்பதாண்டுக்கும் மேலாகப் பட்டறையில் அவர் கற்றவை அனைத்தும் அவ்வண்டியில் வந்து சேர்ந்தன என்று சொல்லலாம். ஓர் உறுப்பைச் செய்பவன், வேறொருவன் எண்ணிய வண்டிக்குத் தன் உழைப்பைத் தருகிறான். முழு வண்டியைச் செய்பவனுக்கோ ஒவ்வோர் உறுப்பும் மற்றோர் உறுப்போடு இசைய வேண்டும். எந்திரத்தின் எடை கூடினால் சட்டம் வலுப்பட வேண்டும். சட்டம் வலுத்தால் எடை மேலும் கூடும். எடை கூடினால் நிறுத்தும் கட்டையும் வில்லும் மாற வேண்டும். எல்லாம் மாறினால் 2,000 ரூபாய் என்னும் விலை நில்லாது. ஒரு சொல்லை மாற்றினால் பாட்டு முழுவதும் அசைவதை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா.

அவ்வண்டி சந்தைக்கு வரவில்லை. தொழில் வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டம் 1951இல் இயற்றப்பட்டு 1952 மே 8 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இத்தகைய தொழிலுக்கு நடுவணரசின் உரிமம் வேண்டும். உரிமம் மறுக்கப்பட்டது, உற்பத்தி நின்றது. அரசின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்ததை மறுப்பதற்கில்லை. புதிதாய் விடுதலை பெற்ற நாடு. அயல்நாட்டுச் செலாவணி அரிது. எஃகும் அளவோடு கிடைத்தது. கார் செய்வோர் பலராகச் சிதறினால் ஒருவரும் நிலைபெறார் என்று கருதிய அரசு, முழுமையாக உள்நாட்டிலேயே செய்யும் திட்டமுடைய சில நிறுவனங்களை மட்டும் ஊக்குவித்தது. அக்கொள்கையால் போர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற அயல்நாட்டுப் பெருநிறுவனங்களே 1954அளவில் இந்நாட்டை விட்டு வெளியேறின. ஆனால் உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்னும் நோக்கத்துக்காக வகுத்த வேலி, உள்நாட்டிலேயே செய்தவனையும் வெளியே நிறுத்தியதே, அதை என்னென்பது?

நாயுடு பொறுமை மிக்கவர் அல்லர். உரிமக் கட்டுப்பாடும் வரிச்சுமையும் தம் உழைப்பின் பயனை விழுங்குகின்றன என்று குமுறினார். 1950களில், பலர் கூடிய அவையில், தாம் ஆக்கிய பொருள்களைத் தம் கையாலேயே உடைத்துக் காட்டினார். இச்செயலை வீரம் என்பாரும் உண்டு. வீம்பு என்பாரும் உண்டு. உளி பிடிக்கும் ஊரில் வாழும் நமக்கு, இவ்விரு சொற்களும் போதுமானவையாகத் தோன்றவில்லை. பல திங்கள் செதுக்கிய சிலையில் இறுதியில் ஒரு விரல் சிதைந்தால் சிற்பி அதனை வழிபாட்டுக்குத் தருவதில்லை. அங்கே குறை கல்லில். இங்கே பொருளில் குறையில்லை. ஏற்பார் இல்லாததே குறை. குறையற்ற பொருளைச் செய்தவனே உடைக்க நேர்ந்தது என்பதுதான் நெஞ்சை வருத்துகிறது. எனினும் ஒன்று சொல்லலாம்: உடைத்தது யாருக்குப் பாடம் புகட்டியது? சட்டம் மாறவில்லை. பொருள்தான் போயிற்று. போராட்டம் அவருடையது, இழப்பு நம் அனைவருடையதும் ஆயிற்று.

ஆனால் அவர் அத்துடன் முடங்கவில்லை. கார் செய்ய விடாவிட்டால் செடி வளர்க்க யாருடைய உரிமம் வேண்டும்? தம் தோட்டத்தில் பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி ஆகியவற்றில் புதுவகைகளை ஆய்ந்து விளைவித்தார். அத்தோட்டத்தை சர் சி. வி. இராமனும் விசுவேசுவரய்யாவும் வந்து பார்த்தனர். தொழிற்பொருட்காட்சியை அமைத்து, எந்திரங்களின் உள்ளமைப்பை எளியோரும் காண வகை செய்தார். கலங்கல் சிறுவனுக்கு மூன்றாண்டு உழைப்புக்குப் பின்னரே காணக் கிடைத்தது, பின்வந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பிற்பகலில் கிடைத்தது. 1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் அவர் மறைந்தார். அகவை 80.

அவர் எண்ணிய சிறு கார் நாட்டுக்கு வந்ததா? வந்தது. 1983 திசம்பரில் மாருதி வண்டி தில்லியருகே வெளிவந்தது. நாயுடுவின் வண்டிக்கு 31 ஆண்டுகள் பின்னர், அயல்நாட்டு நிறுவனத்தின் துணையோடு. ஓர் இலட்ச ரூபாய்க் கார் என்று பேசப்பட்ட டாட்டா நானோ 2009இல் விற்பனைக்கு வந்து 2018இல் நின்றுபோயிற்று. எளியோர்க்கான கார் என்பது உரிமத்தால் மட்டும் தடைபடுவதன்று, சந்தையின் சோதனையும் உண்டு என்பதை நானோ காட்டியது. நாயுடுவின் வண்டி அச்சோதனையில் வென்றிருக்குமோ தோற்றிருக்குமோ, நாம் அறியோம். அதை அறியும் வாய்ப்பே பறிக்கப்பட்டது என்பதுதான் வழக்கு.

கோவைப் பட்டறைகளின் மரபு அவரோடு அறுந்துவிடவில்லை. அந்நகரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் மாருதி எந்திரத்தைப் பொருத்தி ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். 1995இல் வானூர்தி விபத்தில் இளவயதிலேயே மறைந்தார். செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. திருப்பூரின் பின்னல் எந்திரங்களில் ஓர் உறுப்பு தேய்ந்தால், அதனை அளந்து அன்று மாலைக்குள் கடைந்து தரும் சிறு பட்டறைகள் நம்மைச் சுற்றிலும் இன்று உண்டு. அவற்றில் நிற்பவர்களுள் பலர் துரைசாமியைப் போலவே பள்ளியை விட்டு வந்தவர்கள்.

2025 அக்டோபரில், அவிநாசிச் சாலையில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் திறக்கப்பட்டு, அதற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. நம் ஊரிலிருந்து கோவைக்குச் செல்வோர் இனி அவர் பெயரின் மேல் ஏறித்தான் நகருக்குள் நுழைய வேண்டும். நாளும் எத்தனையோ ஆயிரம் கார்கள் அதன்மீது ஓடுகின்றன. அவற்றுள் அவர் செய்த வண்டி மட்டும் இல்லை.

சுந்தரர் இவ்வூரில் பறிகொடுத்ததைப் பாடிப் பெற்றார். நாயுடுவுக்குப் பாடத் தெரியாது; உடைக்கத் தெரிந்தது, மறுநாள் வேறொன்றைச் செய்யவும் தெரிந்தது. அவர் இழந்ததைப் பெற்றுத் தரும் ஆற்றல் எழுத்துக்கு இல்லை. ஆனால் அவர் செய்தார் என்பதை மறவாமல் சொல்லி வைக்கும் கடமை எழுத்துக்கு உண்டு. நம் வட்டத்தின் கவிஞர்கள் ஆலையையும் தறியையும் சாயக் கழிவையும் பாடியிருக்கிறார்கள். கையில் எண்ணெய் படிய, மணலில் அச்சுப் பதித்து, சுருங்கப் போகும் இரும்பிற்கு அரைக்கால் அங்குலம் கூட்டி வைக்கும் அந்த மனிதனையும் பாடுவார்களாக. அடுத்த பத்தாண்டு மலரில் அப்பாடலைப் படிக்கக் காத்திருக்கிறோம்.